திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்: எங்கள் சாட்ஸ்வொர்த் கராஜில் செய்த விதம்

என் மாமனார் படம் பார்க்கும்போது தலையைக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். வயதாகிவிட்டது, கழுத்து வலி போல என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அவரே கேட்டுவிட்டார்: "மாப்பிள்ளை, இவன் என்ன வயித்துல இருந்து பேசுறான்?"

நியாயமான கேள்வி. 120 இன்ச் திரையைச் சுவரில் மாட்டி, நடு ஸ்பீக்கரைத் திரைக்கு அடியில் தரையோடு தரையாக வைத்திருந்தேன். முகம் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குரல் முழங்கால் உயரத்திலிருந்து வருகிறது. பிள்ளைகளுக்கு அது உறைக்கவில்லை. அவர்கள் ஆங்கில சப்டைட்டிலைப் படித்துத்தான் தமிழ்ப் படம் பார்க்கிறார்கள். மாமாவுக்கோ தமிழ் காதால் வந்தது. தென்னாப்பிரிக்காவில், டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் சாட்ஸ்வொர்த்தும் டர்பனின் ஒரு பகுதிதான். அம்மா பேசக் கேட்டும் கிரே ஸ்ட்ரீட் ஷாஜஹான் தியேட்டரில் படம் பார்த்தும் கற்றுக்கொண்ட தமிழ். எழுதப் படிக்க வராது. அவருக்கு வசனம் காதில் தெளிவாக விழவில்லை என்றால் படமே இல்லை.

தியேட்டரில் குரல் முகத்திலிருந்து வரக் காரணம், ஸ்பீக்கர்கள் திரைக்குப் பின்னால் நிற்பதுதான். அங்கே திரை முழுக்கப் பொடிப்பொடியாகத் துளைகள். வீட்டிலும் அதைச் செய்யலாம். கராஜ் 6 மீட்டர் நீளம், 3.1 மீட்டர் அகலம், கார் ஏற்கெனவே வெளியில்தான் நிற்கிறது. 2023இல் வேலையைத் தொடங்கினேன். லோட் ஷெட்டிங் அட்டவணையைப் பார்த்து, கரண்ட் இருக்கும் நேரத்தில் துளை போடுவது, இல்லாத நேரத்தில் அளவெடுப்பது என்று வேலை நடந்தது.

முதல் முடிவு திரைத் துணி. இதில் இரண்டு வகை. ஒன்று, துளை போட்ட பிவிசி திரை. இன்னொன்று, நெய்த துணி. நூல்களுக்கு இடையிலுள்ள சந்து வழியாகவே ஒலி வெளியே வரும். நான் முதலில் வாங்கியது துளைத் திரை, அதில்தான் கை சுட்டது. ஆன்லைனில் மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கினேன். மாட்டிப் படம் போட்டால், வெள்ளைச் சட்டை போட்டவர்கள் மேலெல்லாம் அலை அலையாகக் கோடு. ப்ரொஜெக்டரின் புள்ளிக் கட்டமும் திரையின் துளைக் கட்டமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் இப்படிக் கோடு விழும், மொய்ரே என்பார்கள். கணக்கு சுலபம். 120 இன்ச் 16:9 திரையின் அகலம் 266 செ.மீ. அதில் 1920 புள்ளிகள் என்றால் ஒரு புள்ளி சுமார் 1.4 மி.மீ. துளைகளுக்கு இடையிலான தூரமும் அந்தக் கிட்டத்தில் இருந்தால் வம்புதான். 4கே ப்ரொஜெக்டர் என்றால் புள்ளி 0.7 மி.மீ. ஆகிவிடும். ஆகவே துளைத் திரை வாங்குவதானால் துளை இடைவெளி எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

ஒலிக்கும் துளைத் திரை கொஞ்சம் கஷ்டம் கொடுக்கும். பிவிசி பரப்பின் பெரும்பகுதி மூடித்தான் இருக்கிறது. உயர் அதிர்வெண் ஒலியில் ஒரு பங்கு அதில் பட்டுத் திரும்பி, ஸ்பீக்கரின் முகத்தில் மோதி, மறுபடி திரைக்கு வருகிறது. தாமதமாக வரும் அந்த ஒலி, நேரே வரும் ஒலியோடு சேரும்போது சில அதிர்வெண்கள் கூடும், சில அடிபட்டுப் போகும். வரைபடத்தில் பார்த்தால் சீப்புப் பல் மாதிரி இருக்கும். அதனால் துளைத் திரைக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே 30 செ.மீ. விடச் சொல்கிறார்கள் சில தயாரிப்பாளர்கள். நெய்த துணி இந்த விஷயத்தில் சாது. 10 முதல் 15 செ.மீ. போதும்.

நான் கடைசியில் போனது துணிக்கடைக்கு. வெள்ளை ஸ்பான்டெக்ஸ், அதற்குப் பின்னால் கருப்பு ஸ்பான்டெக்ஸ். நடனக் குழுக்களுக்கு உடை தைக்கும் துணி. வீட்டிலேயே திரை செய்பவர்கள் பலர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வாங்கும் முன் ஒரு சோதனை உண்டு: துணியை வாய்க்கு முன்னால் இழுத்துப் பிடித்து ஊதிப் பாருங்கள். மூச்சுத் தடையில்லாமல் போக வேண்டும். கடைக்காரம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், பரவாயில்லை. பளபளப்பு இல்லாத ரகமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பளபளத்தால் திரையின் நடுவில் வெளிச்சத் திட்டு விழும். அகலம் போதாமல் நடுவில் ஒட்டுப் போடலாம் என்ற எண்ணமே வேண்டாம், ஒட்டு கட்டாயம் தெரியும்.

துணி வாங்கியதும் திரை வேலையில் இறங்கிவிடாதீர்கள். அறையை அளந்து, ஸ்பீக்கர் நிற்கும் இடங்களைத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். இடது வலது ஸ்பீக்கர்கள், நடுக்கோட்டிலிருந்து 22 முதல் 30 டிகிரி வரை விலகி நிற்க வேண்டும் என்கிறது டால்பி. இரண்டையும் திரைக்குள்ளேயே ஒளிக்கப் பார்த்தால் இங்கேதான் இடிக்கும். எங்கள் திரையில் பாதி அகலம் 133 செ.மீ. ஸ்பீக்கரின் அகலத்தையும் சட்டத்தையும் கழித்தால், ஸ்பீக்கரின் மையம் நடுக்கோட்டிலிருந்து 117 செ.மீ. தள்ளித்தான் நிற்க முடியும். சோபா ஸ்பீக்கர் முகத்திலிருந்து 3.4 மீட்டரில் இருந்தது. கோணம் 19 டிகிரி. சோபாவை 20 செ.மீ. முன்னால் இழுத்தேன், 20 டிகிரி ஆனது. இன்னும் இழுத்திருக்கலாம், ஆனால் திரையை விட்டு 3 மீட்டருக்குள் உட்கார்ந்தால் சப்டைட்டில் படிக்கப் பிள்ளைகள் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது. சட்டத்தை இருபுறமும் நீட்டி, அந்தப் பகுதிக்குக் கருப்புத் துணி போட்டு, ஸ்பீக்கரை அதற்குப் பின்னால் வைப்பது நல்ல வழி. எங்கள் 3.1 மீட்டர் அகலத்தில் அப்படிச் செய்தால் ஸ்பீக்கர் பக்கச் சுவரில் உரசும். 20 டிகிரியோடு நிறுத்திக்கொண்டேன். இதுவரை யாரும் குறை சொல்லவில்லை.

மூன்று ஸ்பீக்கரும் ஒரே மாடலாக இருக்கட்டும். மூன்றும் நின்ற வாக்கில், ஒரே உயரத்தில். திரைக்குப் பின்னால் வைப்பதன் பெரிய லாபமே இதுதான். படுக்கை வாக்கில் செய்த நடு ஸ்பீக்கர் என்று ஒரு தனி ஜாதி இருக்கிறதே, அது திரைக்கு அடியில் இடம் இல்லாததால் வந்தது. அதில் உயர் ஒலி தரும் சின்ன ட்வீட்டரின் இருபுறமும், தாழ்ஒலி தரும் பெரிய வூஃபர் இரண்டு இருக்கும். நேர் எதிரே உட்காராமல் கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்தால், அந்த இரண்டின் ஒலியும் ஒன்றையொன்று அடித்துக் குரல் மெலிந்துவிடும். கடையில் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரை ஜோடியாகத்தான் கொடுப்பார்கள். நான் இரண்டு ஜோடி வாங்கி, மூன்றை முன்னால் வைத்து, மிஞ்சியதைத் தங்கச்சி வீட்டு டிவிக்குக் கொடுத்தேன். காற்று போய்வரும் போர்ட் ஓட்டை முன்பக்கம் இருக்கும் ஸ்பீக்கராகவோ, ஓட்டையே இல்லாத மூடிய பெட்டியாகவோ பார்த்து எடுங்கள். பின்பக்கம் ஓட்டை உள்ளதைச் சுவரோடு ஒட்டி வைத்தால் தாழ்ஒலி கும்மென்று குழம்பும். கையில் இருப்பதே அதுதான் என்றால் ஓட்டையில் ஃபோம் அடைத்துவிட்டு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை, ஆழ்ந்த தாழ்ஒலிக்கென்றே இருக்கும் தனிப் பெட்டியான சப்வூஃபரிடம் விட்டுவிடுங்கள்.

உயரம்: எங்கள் திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து 60 செ.மீ., மேல்விளிம்பு 209 செ.மீ. உட்கார்ந்தால் காது ஏறக்குறைய 1 மீட்டர். ட்வீட்டரை 120 செ.மீ. உயரத்தில் வைத்தேன். காதுக்கு நேராக வைத்தால் குரல் திரையின் கீழ்ப்பகுதியில் உட்கார்ந்துகொள்கிறது. நடுவுக்குக் கொஞ்சம் பக்கமாக ஏற்றினால் வாய்க்கு வந்துவிடுகிறது. அதற்கு மேலே ஏற்றி, ட்வீட்டரைக் கீழ்நோக்கிச் சாய்க்கவும் செய்யலாம். எப்படியானாலும் ஸ்பீக்கரின் முகம் திரைக்குச் சரி இணையாக நிற்காமல் சில டிகிரியாவது திரும்பியிருக்கட்டும். அப்போதுதான் துணியில் பட்டுத் திரும்பும் ஒலி நேராக ட்வீட்டருக்கே வந்து விழாது. இடது வலது ஸ்பீக்கர்கள் சோபாவை நோக்கித் திரும்புவதால் அவற்றுக்கு இது தானாகவே நடந்துவிடும். நடு ஸ்பீக்கரைத்தான் லேசாகக் கீழே சாய்க்க வேண்டும். அடியில் பின்பக்கம் ரப்பர் துண்டு வைத்தால் போதும்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு இரண்டு வாரம் தூக்கம் கெடுத்த விஷயம்.

எல்லாம் மாட்டி முடித்துப் படம் போட்டோம். குரல் முகத்திலிருந்துதான் வந்தது, ஆனால் ஒல்லியாக, சளி பிடித்தவன் மாதிரி. துணி ஒலியைத் தின்கிறது என்று முடிவு கட்டி, வெள்ளைத் துணியைக் கழற்றிக் கேட்டேன். அப்படியேதான் இருந்தது. கருப்பையும் கழற்றினேன். அப்படியேதான். பிறகுதான் புத்தி வந்து, ஒலியை அளக்கும் யுஎஸ்பி மைக் ஒன்றை வாங்கி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அளந்தேன். 190 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் பள்ளம், கிணறு மாதிரி.

காரணம் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்த சுவர். தாழ்ஒலி ஸ்பீக்கரின் முன்னால் மட்டும் போவதில்லை. பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய், சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. போய்வரும் தூரம் அலைநீளத்தில் பாதியாக இருக்கும் அதிர்வெண்ணில் இரண்டும் எதிரெதிராகச் சேர்ந்து ஒலி செத்துப்போகிறது. கணக்கு இது: 343ஐ, சுவருக்கும் ஸ்பீக்கர் முகத்துக்கும் உள்ள தூரத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும், தூரம் மீட்டரில். என் ஸ்பீக்கர் முகம் சுவரிலிருந்து 45 செ.மீ. 343ஐ 1.8ஆல் வகுத்தால் 190. ஆண் குரலின் கனமே அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஈக்வலைசரில் ஏற்றிப் பார்த்தேன், பயனில்லை. எவ்வளவு ஏற்றுகிறோமோ அவ்வளவு வலுவாகச் சுவரும் திருப்பி அனுப்புகிறதே.

வழி இரண்டு, இரண்டையும் செய்தேன். ஸ்பீக்கர் ஸ்டாண்டைப் பின்னுக்குத் தள்ளி, முகம் சுவரிலிருந்து 35 செ.மீ. ஆகும்படி வைத்தேன். பள்ளம் 245 ஹெர்ட்ஸுக்கு ஏறியது. ஏறினால் நல்லதா என்றால், நல்லதுதான்: அதிர்வெண் கூடக் கூட அலைநீளம் குறையும், பஞ்சு அதை விழுங்குவது எளிது. பிறகு ஸ்பீக்கர்களைச் சுற்றிலும் கூரைக்கு மேல் போடும் கண்ணாடிப் பஞ்சை 25 செ.மீ. கனத்துக்கு அடுக்கி, மேலே கருப்புத் துணி போர்த்தி மூடினேன். கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் அந்தப் பஞ்சைத் தொடாதீர்கள், ராத்திரி முழுக்கச் சொறிய வேண்டியிருக்கும். மறுபடி அளந்தேன். கிணறு இருந்த இடத்தில் சின்னப் பள்ளம்தான் மிச்சம். இதே பஞ்சு, துணியில் பட்டுத் திரும்பும் உயர் ஒலியையும் விழுங்கிக்கொள்கிறது. திரைக்குச் செலவழித்ததை விட அந்தப் பஞ்சுதான் காசுக்குப் பெறுமதி.

ஆக, திரைக்குப் பின்னால் எவ்வளவு ஆழம் தேவை என்று கேட்டால், எங்கள் கணக்கு: சுவரிலிருந்து ஸ்பீக்கர் முகம் வரை 35, அங்கிருந்து துணி வரை 20, சட்டம் 4. மொத்தம் 59 செ.மீ. 6 மீட்டர் கராஜில் இது பெரிய இழப்பில்லை. சின்ன லவுஞ்சில் செய்பவர்கள் ஆழம் குறைந்த ஸ்பீக்கராகத் தேடுங்கள்.

சட்டத்துக்கு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் 38க்கு 76 மி.மீ. பைன் கட்டை போதும். கட்டையை நீளவாக்கில் ஒரு கண்ணால் பார்த்து, முறுக்கில்லாததாகப் பொறுக்கி எடுங்கள். கடைப் பையன் முகம் சுளித்தாலும் பத்துக் கட்டையைப் புரட்டிப் பார்த்து நாலு எடுப்பதில் தப்பில்லை. மூலைகளில் இரும்புத் தகடு, நடுவில் ஒரு செங்குத்துக் கட்டை. அந்த நடுக்கட்டை நடு ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் வந்துவிடாமல் ஓரமாகத் தள்ளுங்கள். நான் முதலில் சரியாக அங்கேதான் வைத்திருந்தேன்! ஸ்பான்டெக்ஸை இழுக்கும்போது ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. நாலு பக்கத்தின் நடுவிலும் ஒவ்வொரு ஸ்டேப்ளர் பின், பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி எதிரெதிராக. ஒருவர் இழுக்க ஒருவர் அடிக்க வேண்டும். அத்தை இழுத்தார், நான் அடித்தேன். சுருக்கம் விழுந்த மூலையை அத்தை மூன்று முறை பிரிக்க வைத்தார். புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் கை அது, விட்டுவிடாது.

துணி வழியாக ஒலி வெளியே வருவது போலவே ப்ரொஜெக்டர் வெளிச்சமும் உள்ளே போகும். கருப்பு ஸ்பான்டெக்ஸ் பெரும்பகுதியைத் தடுக்கும், மிச்சம் உள்ளே பளபளக்கும் எதிலாவது பட்டால் திரையில் மங்கலாகத் தெரியும். எங்களுக்கு வூஃபரைச் சுற்றியிருந்த வெள்ளி வளையம் தெரிந்தது. இருட்டுக் காட்சியில் கதாநாயகி நெற்றியில் நிலா மாதிரி. வளையத்தின் மேல் பளபளப்பில்லாத கருப்பு டேப் ஒட்டினேன், கூம்பில் படாமல். உள்பக்கச் சுவர், கூரை, ஸ்டாண்ட் எல்லாவற்றுக்கும் மேட் கருப்பு. ஸ்பீக்கரோடு வரும் முன்பக்க வலைத்துணியைக் கழற்றிவிடுங்கள், ஏற்கெனவே இரண்டு துணி இருக்கிறது, மூன்றாவது எதற்கு.

சப்வூஃபரையும் உள்ளே வைக்கலாம். போர்ட் காற்று துணியை நோக்கி அடிக்காதபடி பக்கவாட்டில் திருப்புங்கள், இல்லாவிட்டால் குண்டு வெடிக்கும்போது திரையே மூச்சு விடும். அதன் அடியில் கனமான ரப்பர் விரிப்பும் போட்டேன். எங்களது இரட்டை வீடு, பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். ராத்திரி ஒன்பதுக்கு மேல் சப்வூஃபரைக் குறைப்பது என்று அவரோடு ஒப்பந்தம், அதற்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு அவருக்கு சோபாவில் ஓரிடம்.

உள்ளே பிளக் பாயின்ட் தேவைப்பட்டால் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்து, மின்வேலை விதிப்படி நடந்திருக்கிறது என்று காட்டும் சிஓசி சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு வீட்டை விற்கும்போது கேட்பார்கள். பழைய வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். ப்ரொஜெக்டர் மாட்ட அதில் துளை போடவே வேண்டாம், மர உத்தரத்தில் மாட்டுங்கள். ஆம்ப்ளிஃபயரைத் திரைக்குப் பின்னால் அடைக்காமல் பக்கத்தில் வெளியே வையுங்கள். ஒயர்களில் பெயர் எழுதி, ஒரு மீட்டர் கூடுதலாக விடுங்கள்.

துணியை மூடுவதற்கு முன் ஒரு சோதனை. மாமாவை போனில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்தேன், அவர் சின்ன வயதில் ஷாஜஹானுக்கு நடந்து போன கதையை. அதை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனியாகப் போட்டுக் கேட்டோம். தெரிந்த குரலில் எது மாறினாலும் காது உடனே பிடித்துவிடும். ஒலியை அளக்கும் மைக் இல்லாதவர்களுக்கு இதை விட நல்ல கருவி கிடையாது. இடது ஸ்பீக்கரில் மட்டும் குரல் கொஞ்சம் டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. பார்த்தால் அந்தப் பக்கம் ஒரு பஞ்சுப் பாளம் சரிந்து வூஃபரை மறைத்திருந்தது. மாமா தன் குரலைக் கேட்டுவிட்டு, "எங்கப்பா மாதிரியே பேசுறேனே" என்று எழுந்து வெளியே போய்விட்டார். சிவப்பு ஒயரும் கருப்பு ஒயரும் ஒரு ஸ்பீக்கரில் மாறியிருந்தாலும் இப்போதே தெரியும்: இடது வலது இரண்டிலும் ஒரே குரலைச் சேர்த்துப் போட்டால் நடுவிலிருந்து வர வேண்டும். எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாதபடி பரவினால் ஒயர் மாறியிருக்கிறது.

அதோடு 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒரு டோனைச் சத்தமாகப் போட்டு, எது கடகடக்கிறது என்று கையால் தொட்டுத் தேடுங்கள். எங்களுக்குக் கிடைத்தவை: ஒரு ஆணி, ஒரு மூலைத்தகடு, கராஜின் ரோலர் கதவு முழுசும். கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டினோம்.

மைக் வைத்து ஸ்பீக்கர்களைத் தானே அளந்து சரிசெய்யும் ஆம்ப்ளிஃபயரின் தானியங்கி அளவீட்டைத் துணி மாட்டிய பிறகே ஓட்டுங்கள். எங்கள் துணி இரண்டும் சேர்ந்து 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சுமார் 2 டெசிபல் குறைத்தது, அதை மட்டும் ஏற்றினேன். தியேட்டரில் உயர் ஒலி 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் படிப்படியாகக் குறையும்படி வைப்பார்கள், எக்ஸ் கர்வ் என்று அதற்குப் பெயர். பெரிய அரங்குக்கு வகுத்தது அது. கராஜில் அப்படியே செய்தால் மந்தமாகிவிடும்.

கடைசியாக ஈரம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் கராஜில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதனால் உள்ளே எல்லாமே தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் மேடை போட்டு நிற்கிறது. பஞ்சுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் 5 செ.மீ. காற்றிடம் விட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் டர்பன் கோடையில் பூஞ்சை பிடித்துவிடும். சட்டத்தைச் சுவர்க்கட்டையில் திருகாமல் காந்தத்தில் நிறுத்தியிருப்பதும் இதற்காகத்தான். இருவர் சேர்ந்தால் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம். பிப்ரவரியில் ஒருமுறை எடுத்துப் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பேன். போன முறை எடுத்தது வேறு காரணத்துக்கு: படம் நடுவில், வில்லன் கன்னத்தில் ஒரு பல்லி உள்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது.